புதுச்சேரியில் இரண்டு இரவு: எங்கே தங்கலாம்?

புதுச்சேரி பேருந்து நிலையத்தில் வெள்ளிக்கிழமை மாலை வந்திறங்கும் வெளியூர்க்காரர்களில் பலரும் ஆட்டோக்காரரிடம் சொல்லும் பெயர் ஒன்றுதான்: ஒயிட் டவுன். ஆட்டோக்கள் கிழக்கே, கடலைப் பார்த்துப் போகின்றன. மேற்கே ஒரு கிலோமீட்டருக்குள் நெல்லித்தோப்பு இருக்கிறது. சுற்றுலாப் பயணி அந்தப் பக்கம் திரும்புவது அபூர்வம்.

இந்த ஊரில் அறை எடுக்கும் முன் வாடகை எவ்வளவு, ஜன்னலில் கடல் தெரியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கும் முன்னால் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு. இரவு பதினொரு மணிக்கு எந்தத் தெருவில் நடக்க ஆசை? காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் எந்தப் புதுச்சேரி கண்ணில் பட வேண்டும்? புதுச்சேரி ஒன்றல்ல என்பதால்தான் இந்தக் கேள்விகள்.

வரைபடத்தை விரித்தால் பழைய நகரம் முட்டை வடிவில் இருக்கும். அதைச் சுற்றி பூல்வார் சாலைகள். மேற்கு விளிம்பில் அண்ணா சாலை, தெற்கில் சுப்பையா சாலை. உள்ளே வடக்கு தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் நகரை இரண்டாகப் பிரிக்கிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே, இன்றைய ஒயிட் டவுனில், ஐரோப்பியர் குடியிருந்தார்கள், மேற்கே தமிழர்கள். நெல்லித்தோப்பு இந்த முட்டைக்கு வெளியே, வில்லியனூர் போகும் வழியில் இருக்கிறது.

கிழக்குப் பக்கத்தின் மஞ்சள் சுவர்களைப் பார்க்கிறவர்கள் அவைதான் ஊரிலேயே பழையவை என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1761 ஜனவரியில் நகரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் ஐரோப்பியர் பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். 1763-இல் பாரிஸ் உடன்படிக்கைப்படி ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. 1765 முதல் அதை மறுபடி கட்டினார்கள். ஆக, கடலோரத்தில் இன்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் சுவர்கள் அந்த இடிப்புக்குப் பிறகு எழுந்தவை. அதற்கு முந்தைய வீடு ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் வாய்க்காலைத் தாண்டி ரங்கப்பிள்ளை வீதிக்கு வர வேண்டும். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்து, 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அங்கே நிற்கிறது. கீழ்த்தளம் தமிழ் வீட்டு முறை, மேல்தளம் பிரெஞ்சுத் தூண்கள். நகரம் வீழ்வதற்கு நான்கு நாள் முன்னால் பிள்ளை இறந்துபோனார். வீடு பிழைத்துக்கொண்டது.

வரலாறுதான் முதல் ஆசை என்றால் தமிழர் பகுதியில் தங்குவதே சரி. வைசியாள் வீதி, பெருமாள் கோயில் வீதி, ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி ஆகிய மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். திண்ணையும் தாழ்வாரமும் உள்ள பழைய வீடுகளில் சில இப்போது விருந்தினர் விடுதிகள். பெருமாள் கோயில் வீதியில் உள்ள மேசோன் பெருமாள் அப்படி மாறிய ஒன்று. அதே வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1908 முதல் 1918 வரை புதுவையில் இருந்த பாரதியின் வீடு ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில். இப்படிப்பட்ட விடுதியில் முன்பதிவு செய்யும்போது முற்றத்தைப் பார்த்த அறையாகக் கேட்பது நல்லது. முற்றத்து அறையில் வெளிச்சம் கொஞ்சம் குறையும். ஆனால் தெருச் சத்தம் கேட்காது, மழை பெய்தால் அது முற்றத்துக்குள் விழுவதைப் படுத்தபடியே கேட்கலாம். இந்த வீடுகள் எதற்காக இப்படிக் கட்டப்பட்டன என்பது அந்த ஒரு மழையில் விளங்கிவிடும்.

இரவுக்காக வருகிறவரின் கணக்கு வேறு. புதுச்சேரியின் இரவு என்றதும் மலிவான மதுவைத்தான் பலர் நினைக்கிறார்கள். ரெஸ்டோ பார்கள் பெருகிவிட்டன. அவற்றை எதிர்த்துக் குடியிருப்போர் தெருவில் இறங்கியதும் நடந்தது. அறை எடுக்கும் தெருவில் பார் உண்டா என்று கேட்டுக்கொள்வது இரு தரப்பினருக்கும் உதவும்: ஆடப் போகிறவருக்கும் தூங்கப் போகிறவருக்கும்.

ஆனால் இந்த ஊரின் அருமையான இரவுக்குக் காசே வேண்டாம். மாலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், காலை 7.30 வரை அது நடப்பவர்களுக்கு மட்டும். காந்தி சிலையிலிருந்து 1836-இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், எதிரே பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம், தெற்கே துய்ப்ளேக்ஸ் சிலை என்று மெல்ல நடந்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. பத்து மணிக்கு மேல் கூட்டம் கலைந்து, பாறைகளில் அலை மோதும் சத்தம் எழும்போதுதான் அந்தச் சாலை தன் முழு அழகைக் காட்டுகிறது. இதற்காகவே ஒரு இரவு கிழக்கே தங்கலாம். ஆனால் அரவிந்தர் ஆசிரம விடுதிகளில் அறை எடுப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடலை ஒட்டிய பார்க் விருந்தினர் இல்லத்தில் இரவு 10.30 வாக்கில் கதவைச் சாத்திவிடுவார்கள். மதுவும் புகையும் கூடாது. விடியலுக்கு வருகிறவருக்கு அதைவிட நல்ல இடம் அமையாது. நள்ளிரவு நடைக்கு ஆசைப்படுகிறவருக்கு அது ஒத்துவராது.

ஒரு விடியலுக்காக இந்த ஊருக்கு வந்தவர்களில் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீலை மறக்க முடியாது. சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதைக் காண அவர் 1761-இல் கப்பலேறி வந்தபோது ஊர் ஆங்கிலேயர் வசம்; கரையிறங்க முடியவில்லை. அடுத்த கடப்பு எட்டு ஆண்டு கழித்துத்தான். ஊர் திரும்பாமல் கிழக்குக் கடல்களிலேயே காத்திருந்து, 1768-இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின்மேல் அமைந்த ஆய்வகத்தில் தங்கினார். மே மாதம் முழுக்க வானம் தெளிவு. 1769 ஜூன் 4 விடியலில் மேகம் மூடிக்கொண்டது. அந்தக் கோட்டை நின்ற பாரதி பூங்காப் பக்கம் அறை கிடைப்பவர்கள் இரவில் ஒருமுறை மொட்டை மாடிக்கு ஏறிப் பார்க்கலாம். அவர் அண்ணாந்து பார்த்த வானம் இதுதான்.

இனி மேற்கு. நெல்லித்தோப்பிலிருந்து காந்தி சிலைக்குச் சுமார் 3 கிலோமீட்டர். கடல் தெரியாது, மஞ்சள் சுவர் கிடையாது. கடற்கரைப் பக்கம் ஓர் இரவுக்குக் கேட்கும் பணத்தில் பேருந்து நிலையத்தை ஒட்டிய சாதாரண லாட்ஜில் கூடுதலாக ஓர் இரவு தங்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதியில் கூடும் சண்டே மார்க்கெட்டில் இரவுவரை சுற்றிவிட்டுத் திரும்பவும் தோதான தூரம்.

பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பூல்வாருக்கு வெளியே இருக்கும் புதுச்சேரிதான் உழைத்த புதுச்சேரி. தெற்கே முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. பஞ்சாலை நூறாண்டுக்கு மேல் ஓடி, 2020-இல் மூடப்பட்டது. சவானா ஆலையில் 1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆலைச் சங்கை வைத்து நேரம் பார்த்த ஊர் இது. கடற்கரையில் மட்டும் தங்கிப் போகிறவருக்கு இந்த வரலாற்றில் ஒரு வரிகூடத் தெரியாது.

எந்தத் தேதியில் வருகிறோம் என்பதும் முக்கியம். ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களை ஊர் ‘சொல்தா’ என்றே அழைக்கும். அந்தக் கொண்டாட்டத்தில் அவர்களைப் பதக்கங்களோடு பார்க்கலாம். ஆகஸ்ட் 15-இல் நாட்டின் சுதந்திர தினம், அரவிந்தர் பிறந்தநாள், நெல்லித்தோப்பு விண்ணேற்பு அன்னை ஆலயத்தின் பெருவிழா மூன்றும் சேர்ந்து வருகின்றன. மறுநாள், 1962 ஆகஸ்ட் 16-இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததை நினைவுகூரும் நாள். இந்த வாரத்துக்குக் கடற்கரைப் பக்கம் அறை வேண்டுமானால் வெகு முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். நெல்லித்தோப்பில் இருப்பவர் ஆலயத் தேர் பவனியைத் தெருவில் நின்றே பார்த்துவிட்டு, நடந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

இரண்டு இரவு கையில் இருந்தால் முதல் இரவை மேற்கே வைத்துக்கொள்வது நல்லது. விடிந்ததும் நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குள் ஒரு நடை. மீனும் கீரையும் வாங்கும் கூட்டத்தில் நின்று ஒரு டீ குடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அண்ணா சாலையைக் கடந்து கிழக்கே நடக்கத் தொடங்கினால், வாய்க்காலைத் தாண்டி மாலைக்குள் கடலுக்குப் போய்ச் சேரலாம்.