கீழ்த்தாடை ஊசி: கைவிரலின் பலமும் ஒற்றை வழியின் குறையும்

“உதடு மரத்துப் போச்சுங்க டாக்டர், பல்லு மட்டும் இன்னும் வலிக்குதுங்க.” சேந்தமங்கலத்தில் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்தப் பேச்சு பழகிப்போனது. நோயாளி பயத்தில் சொல்கிறார் என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தேன். அவர் சொல்வது உண்மை. அந்த உண்மைக்கான காரணம் பல்லில் இல்லை. காதுக்கு முன்னால், கன்ன எலும்புக்கு அடியில், விரல் எட்டாத ஒரு குழியில் இருக்கிறது.

மேல்தாடை எலும்பில் நுண்துளைகள் அதிகம். பல்லின் ஓரத்தில் மருந்தைப் போட்டாலே வேர்வரை ஊறிவிடும். கீழ்க் கடைவாய்ப் பல்லைச் சுற்றியுள்ள எலும்போ கெட்டி. அதனால் நரம்பு எலும்புக்குள் நுழையும் வாசலிலேயே அதை மடக்க வேண்டும். மண்டையோட்டின் அடியிலுள்ள துளை வழியே இறங்கும் முக்கிளை நரம்பின் மூன்றாம் கிளை, நெற்றிப்பொட்டுக்குக் கீழுள்ள குழியில் பிரிகிறது. அதில் ஒரு கிளைதான் கீழ்ப்பல் நரம்பு. தாடையின் ஏறுபகுதிக்கும் உட்சிறகுத் தசைக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய இடத்தில், தமனியையும் சிரையையும் கூட்டிக்கொண்டு அது எலும்புக்குள் நுழைகிறது. அதற்கு முன்னால் நாக்கு நரம்பு. பின்னால், பொன்னுக்கு வீங்கி வந்தால் புடைக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி, அதற்குள் முகநரம்பு. மேலே உள்ள சிரைப் பின்னலுக்கு மூளையின் அடிவரை தொடர்பு உண்டு. இத்தனைக்கும் நடுவில் 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு, கண்ணால் பார்க்காமல் ஊசியைச் செலுத்துகிறோம்.

1884-இல் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் ரிச்சர்ட் ஹாலும் கோகெயினைக் கொண்டு இந்த வழியைத் திறந்தார்கள். மருந்து மாறியது, 1943-இல் ஸ்வீடனில் லிக்னோகைன் உருவானது. வழி பெரிதாக மாறவில்லை. அது நிலைத்ததற்குக் காரணம் உண்டு. ஸ்கேன் வேண்டாம், பெரிய கருவி வேண்டாம். கட்டைவிரல் எலும்பின் பள்ளத்தைத் தடவிக் கண்டுபிடிக்கும். ஊசிமுனை எலும்பைத் தொட்டதும் கைக்குத் தெரியும். எலும்பைத் தொடாமல் மருந்தை விடக்கூடாது என்ற ஒரே விதி எத்தனையோ முகங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதை மீறி ஊசி பின்னால் போனால் மருந்து சுரப்பிக்குள் இறங்கும். சில மணி நேரத்துக்கு அந்தப் பக்கக் கண்ணை மூட முடியாது. திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிக்காரர் மேலே வரும் மண்ணையும் கல்தூளையும் பார்த்துப் பூமிக்குள் இருப்பதைச் சொல்வார். அதே வகை அறிவுதான் இதுவும். சின்ன ஊரில், குறைந்த செலவில், பாதித் தாடையை மரக்கவைக்க இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை.

ஆனால் எல்லாத் தாடையும் ஒரே அச்சில் வார்த்ததல்ல. குழந்தைக்கு அந்த எலும்பு வாசல் பல் கடிக்கும் மட்டத்துக்குக் கீழே இருக்கும். வளர வளர மேலே ஏறும். பெரியவர்களிடமும் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு, வாசலுக்கு முன்பே பிரிந்துபோகும் தசை நரம்பும் பல்லுக்கு உணர்ச்சி கொண்டுபோகிறது. அப்போது உதடு மரத்தாலும் பல் வலிக்கும். வீங்கிச் சீழ் கோத்த பல்லானால் இன்னும் மோசம். நூற்றுக்குப் பதினைந்து, இருபது ஊசிகள் முழுதாகப் பலிப்பதில்லை என்று பாடநூலே ஒப்புக்கொள்கிறது. ஊசிமுனை ரத்தக்குழாயில் இருக்கிறதா என்று மருந்தை விடுமுன் உறிஞ்சிப் பார்த்தால் நூற்றுக்குப் பத்துப் பதினைந்தில் ரத்தம் வரும். அப்படியும் அவசரத்தில் உறிஞ்சிப் பார்க்காமலே மருந்தை விடும் கைகள் உண்டு. இதை நான் மன்னிக்க மாட்டேன்.

பெரிய குறை கற்பிக்கும் விதத்தில் இருக்கிறது. முதலாண்டில் உடலை அறுத்துப் பார்க்கும்போது, நரம்பு தெரிய வேண்டுமென்று கொழுப்பை வழித்தெடுத்தோம், தசையை வெட்டி ஒதுக்கினோம். நரம்பு தெரிந்தது; எலும்புக்கும் தசைக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளி காணாமல் போனது. இரண்டு சுவர்களுக்கு நடுவில் இருப்பதால்தானே அது இடைவெளி! ஊசி பிடிக்கும் ஆண்டு வருவதற்குள் உடலை அறுத்த மேசையும் மறந்துபோயிருந்தது.

இந்தக் குறை எங்கள் பக்கம் கூடுதலாக உறைக்கிறது. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-இல் தடை வந்தது. பாக்கு மெல்லும் பழக்கம் போகவில்லை. இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவர்கள் தூக்கம் வராமலிருக்க மெல்லுகிறார்கள்; கன்னத்தின் உள்தோல் நார்போல் இறுகி, வாயில் இரண்டு விரல்கூட நுழையாமல் வருகிறார்கள். வழக்கமான முறைக்கு வாய் நன்றாகத் திறக்க வேண்டும். கோ-கேட்ஸ் 1973-இல் சொன்ன, இன்னும் உயரத்தில் போடும் முறைக்கும் அப்படியே. 1960-இல் வசிரானியும், 1977-இல் நைஜீரியாவின் அகினோசியும் சொன்ன முறைக்கு வாய் மூடியிருந்தாலே போதும். மேல்பல் ஈறு மட்டத்தில், பல்வரிசைக்கு இணையாக ஊசி பின்னோக்கிப் போகும். நான் படித்த காலத்தில் அது தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி. கையில் ஊசி கொடுத்துச் சொல்லித்தரவில்லை.

அந்த முறையும் குறையற்றதல்ல. அதில் ஊசி எலும்பைத் தொடாது. ஆழத்தை மனதால் அளக்க வேண்டும். கையைக் காக்கும் அந்த ஒற்றை விதி அங்கே இல்லை. அதனாலேயே அதை அரைகுறையாகச் செய்யக்கூடாது. உடலை அறுக்கும் மேசையில், சுவர் இரண்டும் இருக்கும்போதே, ஊசியை நுழைத்து அது எங்கே நிற்கிறது என்று திறந்து பார்க்கப் பழக்க வேண்டும். கடைவாய்ப் பல் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் என் நாற்காலியில் உட்காரும் டிரைவருக்கு இன்றைக்குத் தேவைப்படுவது அந்த வழிதான்.