கட்டங்களில் அடுக்கிய படங்கள்

புகைப்படக் கலை பயிலும் மாணவர்களிடையே ஒரு பயிற்சி பரவலாக வழங்கி வருகிறது. ஒரே வகைப் பொருளைப் பலமுறை படமெடுத்து, அப்படங்களை வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை கட்டி, ஒரே தாளில் அமைப்பர். தனித்து நிற்க வலுவற்ற படங்களும் ஒன்பதாகக் கூடிவிட்டால் ஒரு கம்பீரம் பெற்றுவிடுகின்றன. அக்கம்பீரம் மெய்யானதா, அடுக்கின் மயக்கமா என்பதே நாம் ஈண்டு ஆராய விழைவது.

இம்முறைக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுவோர் பெர்ண்ட் பெஹர், ஹில்லா பெஹர் என்னும் ஜெர்மானியத் தம்பதியர். 1959 முதல் அவர்கள் நீர்த்தொட்டிகளையும் ஊதுலைகளையும் சுரங்கக் கோபுரங்களையும் தேடித்தேடிப் படமெடுத்தனர். மேகம் மூடிய வானம், நிழல் விழாத ஒளி, மாறாத கோணம். சிறியதும் பெரியதும் படத்தில் ஒரே அளவாய் நிற்கும். பெர்ண்ட் 1976 முதல் டூஸல்டார்ஃப் கலைக்கல்லூரியில் ஆசிரியராயிருந்தார்; ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கி போன்றோர் அவரிடம் பயின்றவர்கள். ஒரு தொட்டியைக் காணும்போது நமக்கு அது வெறும் தொட்டி. ஒன்பதைச் சேர்த்துக் காணும்போதோ, கட்டியவனின் சிந்தனை இங்கே ஒரு வளைவாகவும் அங்கே ஒரு தூணாகவும் வேறுபடுவது புலப்படுகிறது.

அரபு இலக்கியத் திறனாய்வில் இதற்கொரு சொல் உண்டு. ஹிஜ்ரி 471இல் மறைந்த அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி அவர்கள் தம் ‘தலாயிலுல் இஃஜாஸ்’ நூலில் ‘நள்மு’ என்னும் கோப்பினைப் பற்றி விரித்துரைக்கிறார்கள். தனிச்சொல்லுக்குத் தன்னளவில் உயர்வு தாழ்வு இல்லை. ஓரிடத்தில் இனித்த சொல்லே மற்றோரிடத்தில் உறுத்தும். பொருளின் சிறப்பு சொற்கள் தமக்குள் கொள்ளும் உறவில் பிறக்கிறது என்பது அவர்கள் கொள்கை. கட்டப்படத்துக்கும் இதையே உரைகல்லாகக் கொள்ளலாம். ஒரு படத்தை இடம் மாற்றினால் பொருள் மாறுகிறதா? மாறவில்லையெனில் அங்கே இருப்பது கோப்பன்று, குவியல். (நம் சித்திரகவிகளிலும் 64 கட்டங்களில் எழுத்தை நிரப்பி நாற்புறமும் படிக்கவைக்கும் சருப்பதோபத்திரம் உண்டு. அதில் வித்தை மிகுதி. கவிதை அருகியே வாய்க்கிறது.)

கோப்புக்கு நாணயமும் வேண்டும். மைபிரிட்ஜ் 1887இல் வெளியிட்ட 781 தகடுகளில் மனிதரும் விலங்கும் அசையும் நிலைகள் கட்டம் கட்டமாக வருகின்றன. அவற்றுட் பலவற்றில் இடையே படங்கள் விடுபட்டும் வரிசை மாறியும் இருப்பதைப் பின்னர் ஆய்ந்தோர் கண்டனர். அறிவிப்பாளர் தொடரில் அறுந்த கண்ணியை மறைப்பது போன்றதே இது.

இனி நம் விருத்தாசலத்துக்கு வருவோம். பீங்கான் பொம்மைப் பட்டறைகளில் ஒரு மாணவர் பெஹர் முறையைக் கையாண்டால் என்ன கிடைக்கும்? ஒன்பது பொம்மைகள், ஒரே வெண்மை, ஒரே அமைதி. பார்க்க அழகாயிருக்கும். ஆயின் பெஹர் படங்களில் மனிதர் இல்லை. ஆலை மூடியபின் எஞ்சிய கட்டடத்துக்கு அது பொருந்தலாம். கூழாய்க் கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுபவரும், அச்சுக்கோட்டைச் சுரண்டி மட்டம் செய்பவரும், மெருகுக் கலவையில் தோய்ப்பவரும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் ஊரில், அவர்களை நீக்கிய கட்டம் அழகுக்காக உண்மையை விற்றதாகும் என்பது நம் கருத்து.

மாறாக, கேமராவை அசைக்காமல் ஒரே தொலைவில் நிறுத்தி, அச்சிலிருந்து எடுத்த ஈரப்பொம்மை, உலர்ந்த பொம்மை, சூளையில் வெந்த பொம்மை ஆகியவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள். பொம்மை சுருங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியும். தனிப்படம் எதுவும் இதைச் சொல்லாது. வரிசையைக் கலைத்தால் செய்தி அழியும். ஜுர்ஜானி கூறும் கோப்பு இதுவே.

இவ்வுரைகல்லுக்கு அடங்காதவரும் ஒருவர் உளர். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்ற தயானிதா சிங், தபேலாக் கலைஞர் ஜாகிர் உசேனைப் பற்றிய தம் முதல் நூலை 1986இல் வெளியிட்டார். பிற்காலத்தில் ‘மியூசியம் பவன்’ என்ற பெயரில் பெரிய மரச்சட்டங்களில் படங்களைக் கட்டங்களாகப் பொருத்தி, வேண்டும்போது இடம் மாற்றி வைத்தார். மாற்றுந்தோறும் வேறொரு கதை பிறக்கிறது. ஒரே கோப்பில் நிலைக்க மறுக்கும் இப்படங்களைக் குவியல் என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. ஜுர்ஜானியின் அளவுகோலில் எங்கே வைப்பதென்றும் தெளிவாகவில்லை. அரபு இலக்கணமும் ஓவியமும் ஒருங்கே கற்ற இளைஞர் யாரேனும் இதனை ஆராய்ந்து எழுத முன்வருவாராயின், அதை வாசிக்க நாம் ஆவலோடிருப்போம்.