விழுந்தால்தான் சைக்கிள் வருமா?

கமலக்கண்ணன் இயக்கத்தில் 2024-இல் வெளிவந்த 'குரங்கு பெடல்' படத்தைப் பார்த்தீர்களா? ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதையைத் தழுவியது. கோடை விடுமுறையில் சைக்கிள் பழகத் துடிக்கும் ஒரு சிறுவனின் ஆசையையே முழுநீளக் கதையாக்கிய துணிவு பாராட்டுக்குரியது.

ஆனால் இத்தகைய படத்தைப் பார்க்கும் பெரியவர்கள், "நாங்களெல்லாம் விழுந்து எழுந்துதான் பழகினோம்" என்று பெருமை கொள்வதுண்டு. விழுவதா நமக்குக் கற்பித்தது?

சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தால் கைப்பிடியையும் இடப்பக்கமே திருப்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் நம் புவியீர்ப்பு மையத்தின் அடியில் வந்து தாங்கிக்கொள்ளும். சுழலும் சக்கரமே பம்பரம்போல் நம்மை நிறுத்துகிறது என்பார்கள். டேவிட் ஜோன்ஸ் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி அவ்விளைவை நீக்கிப் பார்த்தார். அப்போதும் ஓட்ட முடிந்தது என்று 1970-இல் எழுதினார். ஆகவே, பழக வேண்டியது சாய்வை உணர்ந்து திருப்புவதே.

குரங்கு பெடலில் இந்தப் பாடம் உண்டு. ஆனால் வண்டியோ குழந்தையைவிடப் பெரிது. இன்றைய துணைச் சக்கரங்களில் பாதுகாப்பு உண்டு. ஆனால் வண்டி சாயாததால் பாடமே இல்லை!

என்ன செய்யலாம்? சிறிய சைக்கிளின் பெடல்களைக் கழற்றுங்கள். இரு பாதங்களும் தரையில் படியுமாறு இருக்கையைத் தாழ்த்துங்கள். குழந்தை காலால் உந்தி உருளட்டும். உங்கள் கை அதன் முதுகருகே இருக்கட்டும், கைப்பிடியைத் தொடாதீர்கள். சமநிலை வந்தபின் பெடலை மாட்டலாம்.

எங்கள் தேவிகாபுரத்து நெசவாளர்களுக்கு இது புதிதல்ல. தறி மிதிக்கப் பழகுபவருக்காக வேறொருவர் மிதிக்க முடியுமா?