அத்து ஏறிய ஊர்கள்

ஊர்ப்பெயரின் அழகு வேற்றுமை ஏறும்போதுதான் தெரியும். புத்தளத்துக் கரையோரத்தில் உச்சமுனையும் நுரைச்சோலையும் மதுரங்குளியும் ஒரு யகரத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு 'இல்' ஏற்றுப் போய்விடுகின்றன. கொத்தாந்தீவு உகரத்தை உதிர்க்கும், அவ்வளவுதான். என் மனம் நிற்பது சிலாபத்தில். ஈற்று மகரம் மறைந்து அத்துச் சாரியை வந்ததும், வேறு உருபே இல்லாமல் உடைமை கிடைத்துவிடுகிறது: சிலாபத்து நண்டு, புத்தளத்து உப்பு, முன்னேஸ்வரத்துத் தேர். கற்பிட்டியே உயர்த்தி என்பவர்கள் உண்டு. லகரம் றகரமான அந்தப் புணர்ச்சி அழகுதான். 'கல்பிட்டி' என்று எழுதினால் எனக்கும் கசக்கும். ஆனால் அந்தத் திரிபு என்றோ நடந்து பெயருக்குள் உறைந்துவிட்டது. அத்துவோ ஒவ்வொரு வாக்கியத்திலும் புதிதாக நடக்கிறது.

அது வெறும் ஓசை விதிதானே என்பார்கள். அப்படியானால் வியட்நாம் ஏன் 'வியட்நாமில்' ஆகிறது? அதே 'ஆம்' ஈறுடைய இஸ்லாம், புத்தளத்து முஸ்லிம்களின் வாயிலும் எழுத்திலும் 'இஸ்லாத்தில்' என்றே வருகிறது. 'இஸ்லாமில்' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் வெளியே நின்று எழுதுபவர்கள். ஓசை ஒன்று, உறவு வேறு. ஈழமும் சீனமும் கடாரமும் அத்து பெற்ற பழைய உறவுகள். சீனம் சீனாவானதும் 'சீனத்து' போய் 'சீனாவின்' வந்துவிட்டது.

பெயர் வேற்றுமை ஏற்று மாறுவது வேறு மொழிகளிலும் உண்டு. ஐரிஷ் மொழியில் அயர்லாந்து நாட்டின் பெயர் ஏரெ. நாட்டில் என்றால் ஏரின், நாட்டின் என்றால் ஏரன். அந்த அரசாங்கம் தன் பெயரிலேயே ஏரன் என்று வேற்றுமையோடு எழுதிக்கொள்கிறது. இங்கே 'புத்தளம் மாவட்டம்'. இருபெயரொட்டு என்று சமாதானம் சொல்லலாம், ஏற்கலாம். ஆனால் 'புத்தளம் உப்பு', 'சிலாபம் கடற்கரை' என்பவற்றுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. பெயர் மாறாமல் நின்றால்தான் தேட வசதி என்பது அடுத்த வாதம். அகராதிக்கு அது பொருந்தும். கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இலங்கை ஊர் அகராதியில் பெயர்கள் தலைச்சொல்லாகத்தான் நிற்க வேண்டும். கடைப் பலகையும் செய்தித் தலைப்பும் அகராதி அல்லவே. இப்போது கணினிப் படிவங்கள் ஊரை ஒரு கட்டத்தில் அச்சிட்டு, இடைவெளி விட்டு, 'இல்' என்று தனியே ஒட்டுகின்றன. 'புத்தளம் இல்' என்று எந்தத் தமிழரும் பேசியதில்லை.