மஞ்சள் வயிற்றுக்காரி

சுங்கை பட்டாணி வட்டாரத்தில் கேமராவும் கையுமாகத் திரிகிறவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் செந்தேன்சிட்டின் ஆணைத்தான் சொல்வார்கள். 1822-இல் ராஃபிள்ஸ் விவரித்துப் பெயரிட்ட பறவை. சிங்கப்பூர்க்காரர்களுக்கு அறிவிக்கப்படாத தேசியப் பறவை. அழகுதான். ஆனால் காலை ஒன்பதைத் தாண்டிய வெயிலில் அந்தச் சிவப்பு பொங்கிவிடும். இறகிழை ஒன்றும் தெரியாமல் குங்குமத் திட்டாக நிற்கும்.

என் ஓட்டு எப்போதும் வேலிச் செம்பருத்திக்கு வரும் மஞ்சள் வயிற்றுத் தேன்சிட்டுக்கு, அதிலும் பெட்டைக்கு. ஆணின் தொண்டை நீலத்துக்கு வெயிலின் தயவு வேண்டும். பறவை கொஞ்சம் திரும்பினால் வெறும் கரி. பெட்டைக்கு அந்த வம்பில்லை. ஜெராய் மலையே மேகத்தில் மறைந்த காலையிலும் அவள் மஞ்சள் மஞ்சள்தான். அமெரிக்க ஓசனிச்சிட்டுப் படங்களைக் காட்டி, 'இதுபோல் அந்தரத்தில் நின்று குடிக்குமா?' என்று மடக்குவார்கள். குடிக்க வேண்டியதில்லை. காம்பைப் பற்றித் தலைகீழாகத் தொங்கி, செம்பருத்தியின் அடியில் துளைபோட்டுத் தேனைத் திருடுகிறாளே, அந்த முதுகு வளைவுக்கு ஈடு உண்டா?

அவள் சிறகடித்து நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கூடு கட்டும் நாட்களில் பாருங்கள். கட்டுவது பெரும்பாலும் அவள்தான், ஆண் பக்கத்துக் கம்பியில் பாடிக்கொண்டிருப்பான். தாழ்வாரத்து ஒட்டடை முன் நொடிப்பொழுது நின்று நூலை அலகில் சுற்றி எடுப்பாள். நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வேகம் வைத்தாலும் சிறகு நுனி கலங்கும், கலங்கட்டும். கூட்டின் வாசலுக்கு மேல் சின்னத் தாழ்வாரம் இறக்குவாள். எனக்குப் பைத்தியம் கூட்டுக்கு அடியில் தொங்கும் அந்த வால்தான். சருகு, பட்டைத் துணுக்கு, புழு எச்சம் எல்லாம் சிலந்தி நூலில் கோத்தது. காற்றில் சிக்கிய குப்பை என்றே யாரும் கடந்து போவார்கள். வாலை வெட்டிவிட்டுக் கூட்டை மட்டும் காட்டும் படங்களை நான் படமாகவே எடுத்துக்கொள்வதில்லை. யானைகளைக் கறுப்பு வெள்ளையிலேயே காட்டிய மா. கிருஷ்ணன் இந்த வாலை எப்படி எடுத்திருப்பார் என்று நினைத்துப்பார்ப்பதுண்டு.

முன்பெல்லாம் பீடோங் பக்கத்துத் தோட்ட லயங்களில் துணி காயவைக்கும் கம்பியிலேயே கூடு கட்டுவாள். குஞ்சு பறக்கும்வரை பாட்டி கைலியையும் சட்டையையும் வேறு கம்பிக்கு மாற்றிவிடுவார். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயத்துச் சனம் தாமான் வீடுகளுக்குப் போனது. அங்கே பின்வாசல் முழுக்கச் சிமெண்டு, கார் நிறுத்தச் செம்பருத்தி வேலியும் போயிற்று. மிஞ்சிய கூட்டையும் இப்போதைய படக்காரர்கள் விடுவதில்லை. வெளிச்சம் வேண்டுமாம், மறைத்த இலைகளைக் கத்தரித்துவிடுகிறார்கள். மத்தியான வெயிலும் காகமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி தொங்கவிட்டு எடுப்பதைப் பற்றி நான் பேசவே வேண்டாம்.

என் வீட்டுப் பின்வாசல் கூரையடியில் ஒட்டடை அடிக்க யாரையும் விடுவதில்லை. தீபாவளி நெருங்கினால் இதற்கென்றே ஒரு சண்டை நடக்கும்.