பனி உருட்டாத பாறைகள்

செண்பகத்தோப்பு ஓடையில் உருண்டு கிடக்கும் பாறைகளைக் காட்டி உடன் வந்த நண்பர் கேட்டார்: 'இதெல்லாம் பனியுகத்துல பனி உருட்டிட்டு வந்து போட்டதுதானே?' இல்லை. கடைசிப் பனியுகத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் பனியாறு ஓடவில்லை. சரிவும் அடைமழைக் காட்டாறும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனாலும் அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. முன்பனி, பின்பனி என்று ஆறு பருவங்களில் இரண்டைப் பனிக்குக் கொடுத்த மொழிக்காரர்கள் நாம். நம் பனி புல்லில் படியும், மலையை அறுக்காது. அப்படியிருக்க, பனியுகம் என்றதும் பனியாற்றையும் அது தள்ளிவந்த கற்குவியலையும் தேட நமக்குக் கற்றுக்கொடுத்தது எது?

ஒரு பிரதியைச் சுட்டலாம். ஹெல்முட் டி டெர்ரா, டி. டி. பேட்டர்சன் இருவரும் எழுதி, வாஷிங்டன் கார்னெகி நிறுவனம் 1939இல் வெளியிட்ட இந்தியப் பனியுகம் பற்றிய நூல். காஷ்மீரப் பள்ளத்தாக்கில் பனியாறு விட்டுப்போன கற்குவியல்களையும், கரேவா எனப்படும் பழைய ஏரிப் படிவுகளையும், இன்று பாகிஸ்தானில் இருக்கும் சோன் ஆற்றின் மேடுகளையும் அவர்கள் நடந்து பார்த்து எழுதினார்கள். அந்த உழைப்பைக் குறைசொல்ல ஏதுமில்லை. வாசிப்பில்தான் சிக்கல். ஆல்ப்ஸ் மலைக்கு பென்க்கும் புரூக்னரும் 1909 வாக்கில் வகுத்து முடித்த நான்கு பனிக்கட்டங்கள் கையில் தயாராக இருந்தன: குன்ஸ், மிண்டல், ரிஸ், வுர்ம். நாலும் தென்ஜெர்மனியின் ஆற்றுப் பெயர்கள். இமயத்திலும் நாலு தேடப்பட்டது, நாலு கிடைத்தது. இமயத்தின் பனியோடு சோன் ஆற்று மேடுகளும், மேடுகளோடு கற்கருவிகளும் கட்டப்பட்டன. அதே ஏணி நர்மதைக்கு இறங்கியது. சென்னைக்கு அருகே கொற்றலை ஆற்றுக்கும் வந்தது. பனியே இல்லாத இடங்களுக்கு 'மழையுகம்' என்று ஒரு பதிலி இருக்கவே இருந்தது.

ஆற்றுமேடு கருவிக்கு வயது சொல்லும்; கருவியின் வடிவம் மேட்டுக்குச் சாட்சி சொல்லும். ஒன்றின் தோளில் மற்றொன்று கை போட்டு நிற்கிற இந்த ஏற்பாடு எத்தனை நாள் தாங்கும்? 1970களில் ஆழ்கடல் படிவுகளை ஆராய்ந்தபோது பனிக்கட்டங்கள் நாலு அல்ல, அதைவிடப் பல மடங்கு என்று தெளிவானது. சோன் பள்ளத்தாக்கில் ராபின் டென்னலும் ஹெலன் ரெண்டலும் 1980களில் மறுபடி வேலை செய்தார்கள். பனிக்கட்டங்களின் படிகளாக வாசிக்கப்பட்டவற்றில் நில உயர்வுக்கும் அரிப்புக்கும் இருந்த பங்கு வெளிப்பட்டது. கொற்றலை ஆற்றுப்பக்கம் அதிரம்பாக்கத்தில் சாந்தி பப்புவின் குழு, எந்த ஏணியையும் நம்பாமல், அங்கே புதைந்த மண்ணையும் கல்லையும் அளந்தது. 2011இல் அது சொன்ன வயது பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேல். ஏறக்குறைய பதினைந்து லட்சம்.

எங்கள் மலையில் இருக்கிற வரையாட்டுக்கும் இதே கதைதான் சொல்லப்பட்டது. இமயத்து ஆட்டின் உறவுக்காரன். குளிர்ந்த காலத்தில் தெற்கே இறங்கி வந்தவன். சூடேறியதும் உச்சிப்பாறையில் மாட்டிக்கொண்டவன். 2005இல் ரோப்பிகேயும் ஹசானினும் மரபணுவைப் பார்த்தபோது அது இமயத்து ஆட்டைவிடச் செம்மறி இனத்துக்கே நெருக்கம் என்று தெரிந்தது. தனிப் பேரினமே கொடுக்கவேண்டி வந்தது. எல்லாம் வடக்கிலிருந்து இறங்கி வந்தவைதான் என்கிற சொல்லாடல் ஆட்டையும் விடவில்லை பாருங்கள்.

அப்படியானால் தெற்கில் பனியுகமே இல்லையா? இருந்தது, பனி இல்லாமல். நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணை ஆராய்ந்து 1993இல் சுகுமாரும் சகாக்களும் எழுதினார்கள்: சுமார் 20,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வறட்சி, புல்வெளியின் ஆதிக்கம், பிறகு ஈரம் கூடியிருக்கிறது. அந்த வறண்ட காலத்தில் கடல் ஏறத்தாழ 120 மீட்டர் கீழே கிடந்தது. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம்.

இந்த இடத்தில் சில தோழர்கள் எழுந்து நிற்பார்கள்: 'பாத்தீங்களா, குமரிக்கண்டம்!' கொஞ்சம் உட்காருங்கள். கடல் இறங்கினால் கரையோரத் திட்டு வெளியே தெரியும், கண்டம் முளைக்காது. லெமூரியா 1864இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் வைத்த பெயர். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் கிடைத்த விலங்குகளின் உறவை விளக்க அவருக்கு ஒரு நிலம் தேவைப்பட்டது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்தத் தேவை போய்விட்டது. ஆல்ப்ஸ் ஏணியை உதறிவிட்டு இதைத் தூக்கிக்கொள்வது விடுதலை இல்லை, கடன்காரனை மாற்றிக்கொள்வது.

இரண்டு வாசிப்புக்கும் நடுவே நம் கண்ணில் படாமல் போவது எது? ராஜபாளையத்திலிருந்து திருச்செந்தூர்ப் பக்கம் போனால் சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்தில் செந்தேரிகள் வரும். காற்று வாரிக் குவித்த சிவந்த மணல். சாயர்புரம் முதலான தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் எழுதினார்கள். கடல் ஏறி இறங்கிய கதை, காற்றின் கதை, அங்கே உட்கார்ந்து கல்லைச் சில்லெடுத்த மனிதர்களின் கதை எல்லாம் அந்த மணலுக்குள் இருக்கின்றன. பனியைத் தேடுகிறவர்களுக்கு அது வெறும் மணல். மூழ்கிய கண்டத்தைத் தேடுகிறவர்களுக்கு அது கடலுக்குப் போகிற வழி. கோப்பில் எழுதுகிறவர்களுக்குத் தரிசு. மணலில் இல்மனைட் தேடுகிறவர்களுக்குச் சரக்கு.

'தரிசு' என்பது ஒரு விவரணை அல்ல, ஒரு தீர்ப்பு. படிக்கப்படாத ஏட்டின் மேல் 'வெற்றுத்தாள்' என்று எழுதிவைப்பது போன்ற தீர்ப்பு. அள்ளிக் கழுவிக் கொட்டிய மணலில் அடுக்கு இருக்காது. அடுக்கு போனால் வயது சொல்ல எதுவும் மிஞ்சாது. நம் நிலத்தை வாசிக்க நமக்கு இனி வேண்டியது இன்னொரு பெருமைக் கதை இல்லை. அள்ளுவதற்கு முன் அங்கே போய்க் குனிந்து பார்க்கிற கண்கள்தான்.