யவன நாணயமும் நாராயணர் ஆராய்ச்சியும்

சரித்திரம் என்றவுடன் அரசவைப் புலவர் பாடிவைத்த புகழ்ச்சியையே நம்மவரிற் பலர் நம்பிப் பழகியிருக்கின்றனர். எப்புலவரும் பாடாத அரசரைப் பற்றி அறிவது எங்ஙனம்? இவ்வினாவுடையோர் அவத் கிஷோர் நாராயண் 1957-ல் வெளியிட்ட ‘இந்தோ-கிரேக்கர்’ என்னும் ஆங்கில நூலைப் பயிலுதல் நன்று.

1925-ல் கயையிற் பிறந்து 2013-ல் மறைந்த இவ்வறிஞர், லண்டனில் 1954-ல் டாக்டர் பட்டம் பெற்றவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் அமெரிக்காவில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியராயிருந்தவர்.

அலெக்ஸாந்தருக்குப் பின் பாக்திரியா முதல் பஞ்சாப் வரை ஆண்ட யவன அரசர் ஏறக்குறைய நாற்பதின்மர். ஏடுகளிற் பெயர் கண்டோர் ஒரு சிலரே. பாலி மொழியில் ‘மிலிந்தன்’ என வழங்கப்பெறும் மெனாண்டர் அச்சிலருள் ஒருவன். ஏனையோரை அவர்தம் காசுகளே நமக்குக் காட்டுகின்றன. ஒருவன் காசின்மீது மற்றொருவன் தன் முத்திரையை அடித்திருப்பின், மேல் அடித்ததே பிந்தியது. ஒருபுறம் கிரேக்கமும் மறுபுறம் கரோஷ்டி எழுத்திற் பிராகிருதமும் இருப்பின், அது பெரும்பாலும் இந்துகுஷ் மலைக்குத் தெற்கே புழங்கியது. இத்தகைய சிறு குறிகளை நாராயணர் பொறுமையோடு எண்ணிப் பார்க்கின்றார். குறி இல்லாதவிடத்து வாய் திறவார். நூலின் சிறப்பு இதுவேயென்பது நம் துணிபு.

இவருக்கு முன் 1938-ல் இப்பொருளை எழுதியவர் டார்ன் என்னும் ஆங்கிலேயர். வழக்கறிஞர் தொழிலை விடுத்து ஸ்காட்லாந்தில் தங்கி ஆராய்ந்தவர். நடை இனிது, கற்பனையோ மிகுதி. அகதாக்ளிஸ் என்னும் அரசன், அலெக்ஸாந்தர், அந்தியோகஸ், தியோடோட்டஸ், யூதிடெமஸ் முதலியோர் உருவும் பெயரும் பொறித்துக் காசு வெளியிட்டான். டார்ன் அதனை ஒரு வமிசாவளியாக்கிவிட்டார்! யூதிடெமஸோ தியோடோட்டஸ் வழியினரை ஒழித்து அரசு கொண்டவன். கொன்றவனும் கொல்லப்பட்டோரும் ஒரே குலத்துப் பாட்டன்மாராவது எப்படி? நாராயணர் இதனை ஏற்றிலர், நாமும் ஏற்றிலோம்.

எனினும் நாராயணரிடத்தும் நமக்கொரு குறை உண்டு. இவ்வரசுகள் கிரேக்க சரித்திரத்தின் கிளையல்ல, இந்திய சரித்திரத்தின் பகுதியே என்று டார்னை மறுத்தது சரி. ஆனால் இறுதியில் இந்தியாவே வந்தவரை வென்றது என்று முடிக்கின்றார். மேனாட்டார் பெருமையை அகற்றிய இடத்தில் நம் நாட்டார் பெருமையை ஏற்றுவதும் ஆராய்ச்சியாகாது. நூல் வந்த சில ஆண்டுகளுக்குப் பின், ஆப்கானிஸ்தானத்து ஆய் கானும் என்னுமிடத்தைப் பிரெஞ்சு அறிஞர் அகழ்ந்தனர். அங்கே கிரேக்க முறையில் நாடக அரங்கும் உடற்பயிற்சிக் கூடமும் கிடைத்தன. அவ்விடத்திலேயே 1970-ல் அதே அகதாக்ளிஸின் ஆறு சதுர வெள்ளிக் காசுகளும் வெளிப்பட்டன. ஒருபுறம் கிரேக்க எழுத்து, மறுபுறம் பிராமி. உருவங்களோ வாசுதேவனும் பலராமனும். இதில் வென்றவர் யார், தோற்றவர் யார்?

அரசர் வரிசையிற் பலவற்றைப் பின்வந்தோர் திருத்தியுள்ளனர். இலங்கையிற் பிறந்த ஒஸ்மண்ட் போபேஆராச்சி 1991-ல் பாரிஸில் வெளியிட்ட நாணயப் பட்டியலையும் அருகில் வைத்துக்கொண்டே நாராயணர் நூலைப் படித்தல் வேண்டும்.